‘இல்லை’ என்னும் விடை

‘உண்டு’ என்று சொல்வது எளிது. ‘இல்லை’ என்று சொல்வது அரிது. தோட்டத்தில் பாம்பு உண்டு என்று சொல்பவன் அதைக் காட்டிவிட்டால் போதும். வழக்கு அத்துடன் தீர்ந்தது. பாம்பு இல்லை என்று சொல்பவனோ ஒவ்வொரு புதரையும் ஒவ்வொரு வளையையும் துருவிப் பார்த்தாக வேண்டும். பார்த்த பின்பும், ‘என் கண்ணுக்குப் புலப்படவில்லை’ என்று அவன் கூறலாமே ஒழிய, ‘இல்லவே இல்லை’ என்று அறுதியிட்டு உரைக்க அவனுக்கு உரிமை உண்டா என்பது ஐயத்திற்குரியது. விஞ்ஞான வரலாற்றில் இந்த வேறுபாடு பல துறையினருக்கும் பாடமாக அமைந்திருக்கிறது. மருத்துவத் துறையில் அது எவ்வாறு பாடமாயிற்று என்பதையே இன்று நான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மருத்துவமனைகளில் நாள்தோறும் நிகழும் மிகச் சிறிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பெண்ணின் சிறுநீரில் சில துளிகளை எடுத்து ஒரு பட்டையின்மேல் விடுகிறார்கள். சில நிமிஷங்களுக்குள் அவள் கருவுற்றிருக்கிறாளா என்பதை அப்பட்டை தெரிவிக்கிறது. இரண்டு கோடுகள் தோன்றினால் ‘ஆம்’. ஒன்று மட்டும் தோன்றினால் ‘இல்லை’. பெரும்பாலும் அது கூறுவது மெய்யே. ஆயினும், கரு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்போதே ‘இல்லை’ என்று அது கூறிவிடுவதும் உண்டு. அந்தச் சொல்லை நம்பி மருத்துவர் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டால், அல்லது ஓர் அறுவையைத் தொடங்கிவிட்டால், விளைவு என்ன ஆகும்? ஆகவே, இந்தப் பொய்யான ‘இல்லை’ எப்படிப் பிறக்கிறது என்று அறிவது வெறும் புத்தக அறிவு அன்று. ஓர் உயிரை, சில வேளைகளில் ஈருயிரை, காக்கும் அறிவாகும்.

இந்தச் சோதனையின் வரலாறு எகிப்தில் தொடங்குகிறது. ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவப் பாப்பிரஸ் ஏடு ஒன்று இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோதுமையையும் வாற்கோதுமையையும் தனித்தனியே வைத்து, அவற்றின்மீது ஒரு பெண் நாள்தோறும் சிறுநீர் விட்டுவரவேண்டும் என்று அந்த ஏடு கூறுகிறது. தானியம் முளைத்தால் அவள் குழந்தை பெறுவாள், முளைக்காவிட்டால் பெறமாட்டாள். எந்தத் தானியம் முளைக்கிறது என்பதைக் கொண்டு பிறப்பது ஆணா பெண்ணா என்றும் சொல்லலாம் என்று அந்நாளில் நம்பினார்கள்.

இது மூடநம்பிக்கைதானே என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடலாம். ஆனால் எகிப்திய மருத்துவ அறிஞரான பால் கலியுங்கி என்பவரும் அவருடைய துணைவர்களும் ஒதுக்கவில்லை, செய்து பார்த்தார்கள். 1963-ஆம் ஆண்டில் அவர்கள் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களின் சிறுநீரும் கருவுறாத பெண்களின் சிறுநீரும் தானியம் முளைப்பதைத் தடுத்தன. கருவுற்ற பெண்களின் சிறுநீரோ நூற்றுக்கு எழுபது அளவில் முளைக்க இடங்கொடுத்தது. ஆணா பெண்ணா என்ற சோதிடம் மட்டும் பலிக்கவில்லை.

மாணவர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். தானியம் முளைத்துவிட்டால் அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதை ஓரளவு துணிந்து கூறலாம். முளைக்காவிட்டால்? கருவுற்ற நூறு பெண்களில் முப்பது பேருடைய தானியமும் முளைப்பதில்லையே! அந்த முப்பது பேருக்கும் கிடைத்தது பொய்யான ‘இல்லை’. ஆக, ஒரே சோதனை கூறும் இரண்டு விடைகளுக்கும் மதிப்பு ஒன்றாக இருப்பதில்லை. ‘ஆம்’ ஒரு நிறை. ‘இல்லை’ வேறொரு நிறை. இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இடைக்காலத்து ஐரோப்பாவில் சிறுநீரைக் கண்ணாடிக் குடுவையில் ஏந்தி, அதன் நிறத்தையும் தெளிவையும் பார்த்தே எல்லா நோயையும் சொல்லிவிடுவதாகப் பலர் தொழில் நடத்தினார்கள். கருவுற்றிருப்பதையும் அவ்வாறே சொன்னார்கள். அதில் நிலையான அறிவு எதுவும் விளையவில்லை. சிறுநீரில் எதைத் தேடவேண்டும் என்பதே அப்போது எவருக்கும் தெரியாது. தேடும் பொருள் இன்னதென்று அறியாதவன் அதைக் கண்டாலும் காணமாட்டான் அல்லவா?

தேடவேண்டிய பொருள் 1920-களின் இறுதியில் அகப்பட்டது. பெர்லினில் சாரிட்டே என்னும் புகழ்பெற்ற மருத்துவமனையில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் ஸோண்டெக் என்னும் இரு மருத்துவர்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். கருவுற்ற பெண்ணின் சிறுநீரில், சூலகத்தைத் தூண்டும் ஹார்மோன் ஒன்று மிகுதியாக வெளிப்படுவதை 1927-ஆம் ஆண்டில் அவர்கள் கண்டறிந்தார்கள். இன்னும் பருவம் எய்தாத பெண் சுண்டெலிகளுக்கு அந்தச் சிறுநீரை ஊசிவழியே செலுத்தினார்கள். ஏறக்குறைய நூறு மணி நேரம் கழித்து எலிகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீர் கருவுற்ற பெண்ணுடையதாயின், குஞ்செலியின் சூலகம் வயதுக்கு மீறிப் பருத்து, இரத்தப் புள்ளிகளோடு சிவந்து காணப்பட்டது. இல்லையேல் வெளிறிச் சிறுத்தே இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அளவில் சரியான விடை கிடைத்தது என்றால், எகிப்திய முறையிலிருந்து எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை உணரலாம்.

அந்த ஹார்மோன் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவதாகவே அவ்விருவரும் முதலில் கருதினார்கள். அது நஞ்சுக்கொடியில் உண்டாவது என்பதை 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் ஜார்ஜியானா சீகர் முதலியோர் நஞ்சுக்கொடித் திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து நிலைநாட்டினார்கள். கரு கருப்பையின் சுவரில் பதிந்த பிறகே இந்த ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கத் தொடங்கும். அங்கிருந்து சிறுநீரில் இறங்கும். சோதனைகள் அனைத்தும் இன்றுவரை இதைத்தான் தேடுகின்றன. கண்டுபிடித்தவர்கள் இருவரும் யூதர்கள். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர்களுடைய வாழ்வு குலைந்தது. ஸோண்டெக் ஸ்டாக்ஹோம் சென்று, பின்னர் ஜெரூசலத்தில் குடியேறினார். ஆஷ்ஹைம் பாரிஸ் நகரில் அடைக்கலம் புகுந்தார். அவர்களுடைய முறையோ உலகெங்கும் பரவியது.

அந்த முறையிலும் பொய்யான ‘இல்லை’ இருக்கவே செய்தது. ஒரு சோதனைக்கு ஒரே எலி போதாது என்று ஐந்து எலிகளைப் பயன்படுத்தினார்கள். ஏன் தெரியுமா? எல்லா எலிகளும் ஒரே தன்மையன அல்ல. ஒன்று விரைவில் தூண்டப்படும், மற்றொன்று அசையாது. சிலருடைய சிறுநீரிலுள்ள நச்சுப் பொருள்கள் எலியையே கொன்றுவிடும். செத்த எலி ‘ஆம்’ என்றும் சொல்லாது, ‘இல்லை’ என்றும் சொல்லாது. கருவியும் ஓர் உயிராக இருக்கும்போது, அதன் நோயும் சோர்வும் விடையில் கலந்துவிடும்.

எலியைத் தொடர்ந்து முயல் வந்தது. 1931-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ஃப்ரீட்மன், மாக்ஸ்வெல் லாஃபம் என்பவர்கள் முயலின் காது நரம்பில் சிறுநீரைச் செலுத்தி, இரண்டு நாட்களில் விடை காணும் முறையை வகுத்தார்கள். கருவுற்ற பெண்ணின் சிறுநீரால் முயல் இறந்துபோகும் என்று அமெரிக்கப் பாமரர் நம்பியது தவறு. விடை எதுவாயினும் முயலை அறுத்தே பார்த்தார்கள். அதன் பின்னர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஒரு தவளை இந்தத் தொழிலுக்கு வந்தது. ஸெனோபஸ் என்னும் அத்தவளைக்குச் சுரப்பிச் சாற்றைச் செலுத்தினால் அது முட்டையிடும் என்று லான்ஸ்லாட் ஹாக்பென் கண்டார். ஷப்பிரோ, ஸ்வாரன்ஸ்டைன் என்னும் இருவர் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் அதைக் கர்ப்பச் சோதனையாக ஆக்கினார்கள். மாலையில் ஊசி போட்டால் மறுநாள் காலைக்குள் தவளை முட்டையிட்டிருக்கும். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. சில வாரம் ஓய்வு கொடுத்து மீண்டும் பயன்படுத்தலாம். 1947-இல் அர்ஜெண்டினா நாட்டுக் காலி மைனினி ஆண் தேரையைக் கொண்டு சில மணி நேரத்திலேயே விடை பெறும் வழியைக் காட்டினார்.

இவற்றிலும் அதே குறை தொடர்ந்தது. நெடுநாள் தொட்டியில் அடைபட்டுக் கிடந்த தவளையும், இரை போதாத தவளையும் ஹார்மோன் இருந்தும் முட்டையிடாமற்போகும். ஆண் தேரைகளின் உணர்ச்சியோ பருவத்துக்குப் பருவம் மாறும். தவளை மௌனமாயிருந்தால், அது பெண்ணின் உடல் கூறிய விடையா, அல்லது தவளையின் சொந்த அலுப்பா? இதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான், ஹார்மோன் உண்டு என்று உறுதியாகத் தெரிந்த சிறுநீரையும் சேர்த்துச் சோதித்து, விலங்கு விழிப்போடு இருக்கிறதா என்று சரிபார்க்கும் வழக்கம் வேண்டியதாயிற்று.

1960-ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகளான லைஃப் வீடே, கார்ல் யெம்ஸெல் ஆகிய இருவரும் விலங்குகளுக்கு விடை கொடுத்தார்கள். ஓர் அந்நியப் பொருள் உடலில் புகுந்தால் அதைப் பற்றிப்பிடிக்க உடல் ஒரு பொருளை உண்டாக்குகிறது. அதை எதிர்ப்பொருள் என்கிறோம். இந்த ஹார்மோனைப் பற்றும் எதிர்ப்பொருளை முயலில் உண்டாக்கி எடுத்து, ஹார்மோன் பூசிய ஆட்டு இரத்த அணுக்களோடு சேர்த்து, ஒரு சிறு கண்ணாடிக் குழாயிலேயே சோதனையை அவர்கள் முடித்துவிட்டார்கள். சிறுநீரில் ஹார்மோன் இருந்தால் குழாயின் அடியில் சிவந்த வளையம் ஒன்று படியும், இல்லாவிட்டால் படியாது. சுமார் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

எலியின் நோயும் தவளையின் சோர்வும் இவ்வாறு ஒழிந்தன. ஆனால் புதிய இடர் ஒன்று முளைத்தது. நம் ஹார்மோனுக்கு ஓர் இரட்டைப் பிறவி போன்ற உறவு உண்டு. கருவுறாத பெண்களின் உடலிலும் மாதந்தோறும் சுரக்கும் பிட்யூட்டரி ஹார்மோன் ஒன்று உருவத்தில் இதனை மிகவும் ஒத்திருக்கும். எதிர்ப்பொருளுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியவில்லை. சோதனையை மிகக் கூர்மையாக அமைத்தால், கருவுறாதவளையும் கருவுற்றவள் என்று சொல்லிவிடும். அதைத் தவிர்க்கச் சோதனையை வேண்டுமென்றே சற்று மழுங்கலாக வைக்க நேர்ந்தது. அதன் பயனாக, தொடக்க வாரங்களிலிருந்த கர்ப்பங்கள் கண்ணில் படாமல் தப்பின. பொய்யான ‘ஆம்’ என்பதை விலக்கப் போனால் பொய்யான ‘இல்லை’ பெருகுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரக் குறைக்க வேண்டுமாயின் எதிர்ப்பொருளே கூர்மையாக வேண்டும்.

அந்தக் கூர்மை இரண்டு படிகளில் வந்தது. நம் ஹார்மோன் ஆல்ஃபா, பீட்டா என்னும் இரண்டு துணைக்கூறுகளால் ஆனது. ஆல்ஃபா கூறு உறவு ஹார்மோன்களுக்கும் பொதுவானது. பீட்டா கூறே இதன் தனி அடையாளம். 1972-இல் அமெரிக்காவில் ஜூடித் வைடுகைடிஸ், கிளென் ப்ரான்ஸ்டீன், கிரிஃப் ராஸ் ஆகியோர் பீட்டா கூற்றைக் குறிவைத்து இரத்தத்தில் ஹார்மோனைத் துல்லியமாக அளந்து காட்டினார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்பவர்கள் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். அதற்கு 1984-இல் நோபல் பரிசு கிட்டியது. இவ்விரு அறிவும் சேர்ந்த பயனாக, 1988-ஆம் ஆண்டளவில் சிறுநீரை நனைத்தால் தானே கோடு காட்டும் பட்டை கடைக்கு வந்தது. நான் தொடக்கத்தில் கூறிய சோதனை அதுவே.

மருத்துவமனைகள் இந்த விடையை ஏன் இவ்வளவு ஆவலோடு கேட்கின்றன? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் அம்மையார், கருவிலிருக்கும்போது எக்ஸ்ரே கதிருக்கு ஆளான குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுந்து காணப்படுவதை 1956, 1958-ஆம் ஆண்டுகளில் எடுத்துக்காட்டினார். 1961-இல், தாலிடோமைடு என்னும் மருந்தைக் கர்ப்பகாலத்தில் உண்ட தாய்மாரின் குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த கொடுமை வெளிப்பட்டது. தாய்க்கு நன்மையாவது கருவுக்குத் தீங்காகலாம் என்பதை உலகம் அப்போது நன்றாக உணர்ந்தது. ஆகவே எக்ஸ்ரே எடுக்கும் முன்னும், மயக்கம் கொடுத்து அறுக்கும் முன்னும், வீரியமுள்ள சில மருந்துகளைக் கொடுக்கும் முன்னும் ‘கருவுற்றிருக்கிறாளா?’ என்று கேட்பது வழக்கமாயிற்று. இவற்றைவிட உடனடியான ஆபத்து ஒன்றும் உண்டு. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு, கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளே இரத்தம் பெருகி, தாய் இறந்துபோகவும் கூடும். வயிற்று வலியோடு வரும் பெண்ணிடம் பட்டை ‘இல்லை’ என்று சொல்ல, மருத்துவரும் அதோடு அமைந்துவிட்டால், தேடவேண்டிய இடத்தில் தேடாமலே காலம் கடந்துவிடும்.

இனி, பட்டை பொய் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் காரணம் காலம். கருமுட்டை வெளிப்பட்டபின் பெரும்பாலும் எட்டு முதல் பத்து நாட்களில் கரு கருப்பையில் பதிகிறது. அதற்கு முன் ஹார்மோன் தாயின் உடலில் கலப்பதில்லை; எத்தனை நல்ல பட்டையும் இல்லாத பொருளைக் காட்டாது. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் அவருடைய துணைவர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாதவிலக்கு வரவேண்டிய நாளன்றுகூட நூற்றில் பத்துக் கர்ப்பங்கள் இன்னும் பதியாமலே இருக்கின்றன. பதிந்தபின் ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒருமுறை இருமடங்காகிறது. இன்று மௌனமாயிருக்கும் பட்டை நாளை மறுநாள் பேசலாம். கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தில் ஹார்மோன் மெல்லவே ஏறுவது உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாம் காரணம் நீர். மிகுதியாகத் தண்ணீர் குடித்தவருடைய சிறுநீர் நீர்த்துப்போகிறது. ஹார்மோனும் அதனுடன் நீர்த்துவிடுகிறது. மருத்துவமனையில் இது எளிதில் நேரும். வயிற்றை ஸ்கேன் எடுப்பதற்காக நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். சோர்ந்து வந்தவருக்கு இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றுகிறார்கள். அதன் பிறகு எடுத்த சிறுநீர் தண்ணீர் போலிருந்தால் அதன் ‘இல்லை’க்கு எடை குறைவு. விடியற்காலையில் எழுந்தவுடன் விடும் சிறுநீரை மருத்துவர் கேட்பது இதனால்தான்.

மூன்றாம் காரணம் மனிதர் கை. குறித்த நிமிஷம் ஆகும் முன்பே பட்டையைப் பார்த்து எறிந்துவிடுதல், காலாவதியான பட்டையைப் பயன்படுத்துதல், உறையைப் பிரித்து ஈரக் காற்றில் போட்டு வைத்தல், ஒருவருடைய குப்பியில் மற்றொருவர் பெயரை ஒட்டுதல், மங்கலான கோட்டைக் கோடே இல்லை என்று தள்ளுதல் ஆகிய யாவும் அவசரப் பிரிவின் பரபரப்பில் நேரக்கூடியவை. பட்டையில் எப்போதும் தோன்றும் முதற் கோடு, நீர் ஒழுங்காக ஊறிச் சென்றது என்பதற்கு மட்டுமே சாட்சி. விடை மெய் என்பதற்கு அது சாட்சியாகாது.

நான்காம் காரணம்தான் வியப்புக்குரியது. ஹார்மோன் குறைந்தால் கோடு தோன்றாது என்பது விளங்குகிறது. ஹார்மோன் மிகுந்தாலும் கோடு தோன்றாமற்போகலாம் என்றால் நம்புவீர்களா? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழி இங்கே எழுத்துக்கு எழுத்துப் பலிக்கிறது. மாணவர்களுக்கு இதை விளக்கும்போது நான் ஓர் உவமை சொல்வதுண்டு. பட்டையில் கோடு தோன்றவேண்டிய இடத்தில் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். அவை நிலைத்த எதிர்ப்பொருள்கள். நீரோடு சேர்ந்து ஓடிவரும் விளக்குகள் சில உண்டு. அவை நிறமேற்றிய எதிர்ப்பொருள்கள். ஹார்மோன் இரண்டு கைகளுள்ள ஆள். ஒரு கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கம்பத்தைப் பற்றி நிற்கிறான். இவ்வாறு பலர் நின்றால் கம்ப வரிசை ஒளிர்கிறது. நாம் அதைக் கோடு என்கிறோம். ஆனால் ஆட்கள் கணக்கின்றித் திரண்டு வந்தால் என்ன ஆகும்? விளக்குக் கிடைக்காதவர்கள் வெறுங்கையோடு கம்பங்களையெல்லாம் பற்றிக்கொள்வார்கள். விளக்கேந்தியவர்கள் நிற்க இடமின்றிக் கடந்து போய்விடுவார்கள். கூட்டம் பெரிது, ஒளி இல்லை! இதனைக் கொக்கி விளைவு என்பர். அளவு ஏற ஏற முதலில் உயர்ந்து பின் வளைந்து இறங்கும் வரைபடக் கோடு கொக்கி போல் தோன்றுவதால் வந்த பெயர் இது. சாதாரணக் கர்ப்பத்தைவிடப் பன்மடங்கு ஹார்மோன் சுரக்கும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் இது நிகழலாம்.

ஐந்தாம் காரணம் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டது. சிறுநீரகம் ஹார்மோனை முழுதாகவே வெளியேற்றுவதில்லை; உடைத்தும் வெளியேற்றுகிறது. அவ்வாறு உடைந்த பீட்டா கூற்றின் உட்பகுதித் துணுக்கு, கர்ப்பத்தின் தொடக்க வாரங்கள் கடந்தபின் சிறுநீரில் முழு ஹார்மோனையும் மிஞ்சிப் பெருகுகிறது. சில பட்டைகளிலுள்ள இரண்டு எதிர்ப்பொருள்களில் ஒன்று மட்டும் அத்துணுக்கைப் பற்றும், மற்றொன்று பற்றாது. நம் உவமையில், துணுக்கு ஒற்றைக் கை ஆள். அவன் இடத்தை அடைத்துக்கொள்வான். ஆனால் விளக்கையும் கம்பத்தையும் இணைக்கமாட்டான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் குரோனவ்ஸ்கியும் துணைவர்களும் இதனை 2009-இல் எடுத்துக்காட்டினார்கள். பின்னர், 2014-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைகளில் வழங்கிய 11 வகைக் கருவிகளை அவர்கள் பரிசோதித்தார்கள். ஒன்பது கருவிகள் துணுக்கினால் ஓரளவோ பெரிதாகவோ பாதிக்கப்பட்டன, இரண்டே தப்பின. இதன் கருத்தை எண்ணிப் பாருங்கள். எட்டு, பத்து வாரம் ஆகி, கர்ப்பம் உறுதியாக வேரூன்றிய காலத்தில்தான் இந்தப் பிழை நேரக்கூடும். ‘இவ்வளவு நாளாகியும் பட்டை காட்டவில்லையே, கர்ப்பமாக இருக்க முடியாது’ என்று எவரும் துணிந்துவிடக்கூடிய காலமும் அதுவே.

இவற்றுக்கு மாற்று என்ன? ஐயம் தோன்றினால் அதே சிறுநீரில் தண்ணீர் கலந்து மீண்டும் சோதிக்கலாம். ஆட்கூட்டம் குறைந்தால் கம்பங்களில் விளக்கு ஏறும். மறைந்த கோடு தோன்றும். இரண்டாம் காரணத்தில் குற்றவாளியாக நின்ற தண்ணீர், இங்கே மருத்துவனாக மாறுகிறது! இரத்தத்தில் ஹார்மோனை அளப்பது இன்னும் சிறந்தது. அந்த ஒற்றைக் கைத் துணுக்கு இரத்தத்தில் மிகமிகச் சொற்பம். இரண்டு நாள் கழித்து மீண்டும் அளக்கலாம். ஸ்கேன் கருவியால் நேரே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி கூறுவதைச் செவிகொடுத்துக் கேட்கவேண்டும். மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கிறது, வயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று அவள் சொல்லும்போது, ஒற்றைக் கோட்டை மட்டும் நம்பி அவளை வீட்டுக்கு அனுப்புவது அறிவுடைமை ஆகாது.

நம் நாட்டுப் பழைய தருக்க நூலார் ‘அனுபலப்தி’, அதாவது காணாமை, என்பதைப் பற்றி நுட்பமாக வாதிட்டிருக்கிறார்கள். காணாமையைக் கொண்டு ஒரு பொருள் இல்லை என்று எப்போது முடிவு செய்யலாம்? அப்பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலை இருக்கும்போது மட்டுமே. பட்டப்பகலில், மேசையின்மேல் குடம் காணப்படவில்லை என்றால், குடம் இல்லை. இருட்டறையில் காணப்படவில்லை என்றால், அது குடத்தைப் பற்றிய செய்தி அன்று. இருட்டைப் பற்றிய செய்தி. முளைக்காத கோதுமையும், முட்டையிடாத தவளையும், தோன்றாத கோடும் பலமுறை இருட்டைப் பற்றிய செய்திகளாகவே இருந்திருக்கின்றன.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகலாம். பலர் வேறு துறைகளில் புகலாம். எந்தத் துறையாயினும் கருவிகள் உங்களிடம் ‘இல்லை’ என்று சொல்லும் வேளை வரும். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உண்டாயிருந்தால் இது எனக்குக் காட்டியிருக்குமா?’ ஆம் என்று துணிய முடிந்தால், அந்த விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். துணிய முடியாவிட்டால், விளக்கை ஏற்றி மறுபடியும் தேடுங்கள்.